போலந்து மாமாவின் தங்கை

அன்று சாயங்காலம் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், வெல்டர், நாகர்கோவில்காரன், மோட்டார் சுவிட்சைப் போட மாடியேறி வந்து அப்படியே வாசலில் நின்றுவிட்ட வீட்டு ஓனர். இல்லாதவர் ஒருவர்தான். அவரை நாங்கள் அண்ணன் என்போம். அவருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். அண்ணன் இருந்திருந்தால் நான் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். அவர் மேல் பழியைப் போடுவதற்காகச் சொல்லவில்லை. பிற்பாடு அவரே அப்படித்தான் சொன்னார்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், மாடியில் ஒற்றை அறை எங்களுடையது. நான் தூத்துக்குடிப் பக்கம். வெல்டர் ராமநாதபுரம். நாகர்கோவில்காரனை ஊர் பெயராலேயே கூப்பிட்டோம். அவன் வேலை பார்த்தது பெயிண்ட் ஷாப்பில். அண்ணன் திருவாரூர்க்காரர், எங்களில் மூத்தவர். கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்தவரும் அவர் ஒருவர்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வந்திறங்கும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்லும் வேலை அவருக்கு.

எனக்கு ஒயர் லைன். ஒரு காருக்குள் ஓடும் ஒயர்கள் எல்லாவற்றையும் ஒரு நீளப் பலகையின் மேல் படுக்கவைத்து, கிளை கிளையாகப் பிரித்து, டேப் சுற்றிக் கட்டுவோம். அடிமரம் மாதிரி ஒரு தடித்த கட்டு. அதிலிருந்து விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று கிளைகள். கடைசியில் சோதனைப் பலகையில் மாட்டுவார்கள். ஏதாவது ஒரு முனையைத் தப்பான துளையில் சொருகியிருந்தால் சிவப்பு விளக்கு எரியும். அந்தக் கட்டை அப்படியே எடுத்து ஓரம் வைத்து, தப்பான ஒயரைப் பிடுங்கிச் சரியான துளையில் சொருகுவோம். மூன்று வருஷம் இதைச் செய்தவனுக்குக் கை தானாகவே அப்படிப் பழகிவிடும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. நான் கான்ட்ராக்ட் ஆள். செப்டம்பருக்குள் பட்டச் சான்றிதழ் காட்டுகிற கான்ட்ராக்ட் ஆட்கள் ட்ரெய்னி சூப்பர்வைசர் தேர்வு எழுதலாம் என்று கேன்டீன் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். நான் என்ன படிக்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் 'ராசாக்க கதை' என்று சொல்லிவைத்திருந்தேன். எல்லாப் பாடமும் தேறி ஒன்றே ஒன்று பாக்கி. ருஷ்ய வரலாறு. மே மாதம் அதை எழுதித் தேறினால் ஆகஸ்டில் முடிவு வரும், செப்டம்பரில் சான்றிதழ் காட்டலாம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அதே பலகை, அதே டேப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற கான்ட்ராக்ட்.

பழைய வினாத்தாள்களைப் புரட்டியதில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தது. பதினோராம் நூற்றாண்டில் கீவ் நகரத்திலிருந்து ரூஸ் நாட்டை ஆண்ட ஓர் அரசனின் வம்சாவளியை வரைந்து, அவன் ஏற்படுத்திய திருமண உறவுகளை விளக்குக. இருபது மதிப்பெண். அதை விட்டால் எனக்குத் தேர்ச்சி இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆகவே பழைய மாதக் காலண்டர் தாள்கள் நான்கைப் பின்பக்கமாகத் திருப்பி, டேப்பால் ஒட்டி, சுவரில் மாட்டினேன். லைனில் மிச்சமான கலர் டேப்புத் துண்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அடிமரம் கறுப்பு. மகன்கள் நீலம். மகள்கள் சிவப்பு. சம்பந்தி வீடுகள் மஞ்சள்.

பாடப் புத்தகத்தில் இருந்த பெயர்கள் எங்கள் நால்வர் வாயிலும் நுழையவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அப்பா பெயர் வாலாகத் தொங்கியது. மகனுக்கு ஒரு வால், மகளுக்கு ஒரு வால். "நம்மளுக்கு இனிஷியல் முன்னால, அவய்ங்களுக்குப் பின்னால. அவ்வளவுதானே அப்பு" என்று வெல்டர் அதைத் தீர்த்துவைத்தான். நாகர்கோவில்காரனுக்குத் தீரவில்லை. "இதுக்க பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள கஞ்சி ஆறிப் போவும் மக்கா. உறவு மொறையச் சொல்லு, போதும்."

அப்படித்தான் பெயர்களை விட்டோம். கீவ் அரசன் 'பெரியவர்' ஆனார். மற்றவர்கள் மூத்த மகள், நடு மகன், பிரான்சு மருமகன், போலந்து மாமா என்று ஆனார்கள். மனப்பாடம் செய்ய அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது. ஒரே வாரத்தில் நாலு பேருக்கும் அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டுக் குடும்பம் மாதிரி ஆகிவிட்டது. வெல்டர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்" என்று கேட்பான்.

பெரியவரை எனக்கு உண்மையிலேயே பிடித்துப் போயிற்று. இன்றைக்கும் பிடிக்கும். அவருடைய அப்பா கண்ட இடத்தில் பெண் எடுத்தவர். மகன்கள் மட்டும் பன்னிரண்டு பேர் என்றது புத்தகம். பெரியவரின் அம்மாவை அவள் அப்பாவையும் அண்ணன்களையும் கொன்றுவிட்டுத் தூக்கி வந்தவர். இதைப் படித்தபோது வெல்டர் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டான். அப்பா போன பிறகு பிள்ளைகளுக்குள் அடிதடி. அதில் பாதிப் பேர் செத்தார்கள். மிஞ்சியவர் இவர். கால் ஊனம். படிப்பில் ஆசை. புத்தகங்களைச் சேர்த்துவைத்து ஆட்களை உட்காரவைத்துப் பிரதி எடுக்கச் சொன்னவர். அவர் கட்டியது ஒரே பெண்ணை என்று நான் படித்த பாடத்தில் இருந்தது. சுவீடன் அரசன் மகள். அந்தப் பெண் கல்யாணத்துக்குச் சம்மதிக்க ஒரு கோட்டை நகரத்தைத் தன் பெயருக்குக் கேட்டாளாம். பெரியவர் கொடுத்தாராம்.

"பொண்ணு கேட்டு, மாப்ள குடுத்தானா?" என்று வெல்டர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். அவனுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

அதைவிட எங்களுக்குப் பிடித்தது அவருடைய வீடு. அந்தக் காலத்தில் சண்டையில் தோற்ற இளவரசர்கள், அப்பா இறந்து சித்தப்பனால் துரத்தப்பட்டவர்கள், நாடில்லாதவர்கள் எல்லோரும் கீவுக்கு ஓடிவந்திருக்கிறார்கள். ஹங்கேரியிலிருந்து ஒருவன், நார்வேயிலிருந்து ஒருவன். நார்வேக்காரன் வந்தபோது வயது பதினைந்து பதினாறுதான். பெரியவர் எல்லோருக்கும் இடமும் வேலையும் கொடுத்திருக்கிறார்.

"அப்ப அது பேச்சிலர் ரூம்தானே" என்றான் நாகர்கோவில்காரன்.

அப்படியேதான். அந்தப் பேச்சிலர்களில் இருவருக்குத் தன் பெண்களையும் கொடுத்தார் என்று நான் சொன்னதும் அறையில் பெரிய சந்தோஷம். ஹங்கேரிக்காரனிடம் அப்போது ஓர் அடி மண் கிடையாது. பிறகுதான் ஊருக்குக் கூப்பிட்டு அரசனாக்கினார்கள். நார்வேக்காரன் பெண் கேட்டபோது மட்டும் பெரியவர் உடனே தலையாட்டவில்லை. அவன் தெற்கே கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்ச் சக்கரவர்த்திக்குக் காவல் வேலை பார்த்தான். சம்பாதித்த பொன்னையெல்லாம் வருஷா வருஷம் பெரியவருக்கே அனுப்பிவைத்தான், பத்திரமாக இருக்கட்டும் என்று. பத்து வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தான். பொன் அப்படியே இருந்தது. பெண்ணும் கிடைத்தாள்.

"கட்டப் போற மாமனார்கிட்டயே சேத்துவச்சிருக்கான். கெட்டிக்காரப் பய" என்றான் வெல்டர். அவனும் மாதாமாதம் தன் வருங்கால மாமனார் வங்கிக் கணக்குக்குத்தான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான் ஓனர் வாசலில் வந்து நின்றார். மோட்டார் ஓடுகிற சத்தம் கீழே கேட்டது. சுவரைப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, செவுரு பூரா ஒட்டி வச்சிகீற. கரண்ட் லைனா?"

"இல்லண்ணே. பரிட்சைக்கு. ஒரு ராசா குடும்பம்."

"ஓனரண்ணே, இந்த ராசா அவர் வீட்டுல வாடகைக்கு இருந்த பையங்களுக்கே பொண்ணக் குடுத்திருக்காரு, பாத்துக்கிடுங்க" என்றான் நாகர்கோவில்காரன்.

"அப்ப அவன் ஒழுங்கா வாடகை குட்த்திருப்பான். நீ இன்னும் ஏப்ரலுக்கே குடுக்கல" என்றார் ஓனர். ஆனால் போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "சரி, படி. நானும் கேட்டுக்கினு போறேன்" என்றார்.

போலந்துப் பகுதியைப் படித்தேன். பெரியவர் தன் தங்கையைப் போலந்து அரசனுக்குக் கொடுத்தார். சில வருஷம் கழித்து அதே போலந்து அரசனின் தங்கையைத் தன் நடு மகனுக்கு எடுத்தார். கொடுத்து எடுத்தது, நல்ல சம்பந்தம், எல்லை அமைதியானது. நான் நீல டேப்பிலிருந்து மஞ்சள் டேப்புக்கு ஒரு கோடு இழுத்தேன்.

"நில்லு" என்றான் வெல்டர். "திரும்பப் படி."

திரும்பப் படித்தேன்.

"அந்தப் பையனுக்குப் போலந்துக்காரன் யாரு?"

"அத்தை புருஷன்."

"அத்தை புருஷன்னா?"

"மாமா."

"மாமாவுக்குக் கூடப் பொறந்தவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இருந்து ஓனர் சொன்னார். "சின்னம்மா ஆவுது."

நான் சுவரைப் பார்த்தேன். நியாயம்தான். அப்பாவின் தங்கை அத்தை. அத்தையைக் கட்டியவர் மாமா. மாமாவின் தங்கை அம்மா முறை.

"பெரியவரே கட்டியிருந்தா சரி" என்று வெல்டர் எழுந்து வந்து விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டினான். "மச்சான் தங்கச்சி. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த மாதிரி. மகனுக்குக் கட்டுனா, பெத்த தாய்க்குத் தாலி கட்டுன மாதிரியில்ல ஆகுது. இவ்வளவு படிச்ச மனுசன் இதச் செய்வாரா?"

"செய்ய மாட்டான்பா" என்றார் ஓனர். "எங்க சைடுலயும் அப்டித்தான். இது எங்கியும் ஒத்துக்க மாட்டாங்க."

நாகர்கோவில்காரன் மட்டும் தலையைச் சொறிந்தான். "ராசாக்கமாருக்கு என்ன முறை. அவனுகளும் எங்கள மாதிரி வேதக்காரங்கதானே. எங்க சாமியார்ட்ட போனா அத்த மவளையே கெட்டப்பிடாதுன்னுதான் சொல்லுவாரு. எங்க அண்ணன் மாமன் மவளக் கெட்டதுக்கு பிஷப் ஹவுஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கினாம்லா."

"அது உங்க சர்ச்சு. இது ராஜா வீட்டுக் கல்யாணம்" என்றான் வெல்டர்.

அந்த அரசனும் கிறிஸ்தவன் என்பது என் புத்தகத்திலேயே மூன்று பக்கம் முன்னால் இருந்தது. அதை நான் அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கண்ணில் பட்டது சிவப்பு விளக்கு மட்டும்தான். ஒரு முனை தப்பான துளையில் சொருகப்பட்டிருக்கிறது. அது எந்தத் துளை என்பதும் உடனே தெரிந்தது. தங்கை என்பதை மகள் என்று மாற்றினால் போதும். போலந்து மாமாவின் மகள், அத்தை மகள், சொந்த முறைப்பெண். கட்டு அப்படியே சரியாக உட்கார்ந்துவிடும்.

அந்தப் புத்தகத்தை நம்பாமல் இருக்கக் காரணமும் இருந்தது. அதில் அச்சுப்பிழை அதிகம். ஓரிடத்தில் குதிரைப்படை என்பது குதிரைப்பாடை என்று அச்சாகியிருந்தது. ஒரு முழுப் போரையும் நாங்கள் அந்தப் பாடையோடு படித்துச் சிரித்திருக்கிறோம். படையைப் பாடை ஆக்கியவர்கள் மகளைத் தங்கை ஆக்கமாட்டார்களா? மஞ்சள் டேப்பைப் பிய்த்தேன். போலந்து மாமாவுக்குக் கீழே ஒரு சிவப்புத் துண்டை ஒட்டி, அதிலிருந்து நடு மகனுக்குக் கோடு இழுத்தேன்.

"இப்ப சரி" என்றான் வெல்டர். ஓனர் திருப்தியாகக் கீழே இறங்கிப் போனார். தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் தேர்வு. கேள்வி அப்படியே வந்திருந்தது. ஸ்கேல் வைத்து வம்சாவளியை வரைந்தேன். பரீட்சைத் தாளுக்காகப் பெயர்களைத் தனியே நெட்டுருப் போட்டிருந்ததால் எல்லாப் பெயரையும் வாலோடு எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். நான் அரைப் பக்கம் சேர்த்து எழுதினேன். 'பாடநூலில் தங்கை என அச்சாகியுள்ளது. இது அச்சுப்பிழை. உறவு முறையை ஆராய்ந்தால் மகள் என்பதே பொருந்தும்.' பிறகு அந்த முறைப்பெண் திருமணத்தால் இரண்டு தலைமுறை உறவு எப்படி உறுதிப்பட்டது என்று ஒரு முழுப் பக்கம் விளக்கினேன். மனம் நிறைந்து எழுதினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, இதை எழுதியதற்காகவே எனக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் பஸ் நிறுத்தத்துப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் முடிவைப் பார்த்தேன். நாற்பது வேண்டும். முப்பத்தாறு வந்திருந்தது.

அறைக்கு வந்து சொன்னேன். வெல்டர் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். "கூட்டுனதுல தப்பு இருக்கும். பேப்பரக் காட்டச் சொல்லு" என்றான். விடைத்தாளின் நகலைப் பணம் கட்டி வாங்கலாம் என்று எனக்கும் தெரியும். ஒரு நாள் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் தபாலில் வந்தது.

வம்சாவளிப் படம் இருந்த பக்கத்தில் திருத்தியவர் போலந்துக் கோட்டின் மேல் பேனாவால் ஒரு சுழி போட்டிருந்தார். அரைப் பக்க விளக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு சொல். 'ஆதாரம்?' அடுத்த முழுப் பக்கத்துக்கும் குறுக்குக் கோடு. இருபதுக்கு ஏழு.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகம் தெரியாத அந்த ஆசிரியர் தப்பு என்றுகூட எழுதவில்லை. எனக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம் என்ற மரியாதையோடு கேட்டிருந்தார். என்னிடம் இருந்த ஆதாரம் ஒரு வெல்டர், ஒரு வீட்டு ஓனர், எங்கள் ஊர் அத்தை முறை.

அண்ணன் அன்று அறையில் இருந்தார். நகலை வாங்கிப் பார்த்தார். பிறகு என் பாடப் புத்தகத்தை வாங்கி, இரண்டு பக்கங்களில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அத்தைக்குப் போலந்துல கல்யாணம் ஆனது எப்ப? பாத்துச் சொல்லு."

சொன்னேன்.

"பையனுக்குக் கல்யாணம் ஆனது?"

சொன்னேன்.

"நடுவுல எத்தனை வருஷம்?"

"மூணு, நாலு வருஷம்ண்ணே."

"அப்ப நீ கட்டிவச்ச மொறைப்பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?"

நாகர்கோவில்காரன் சொன்னான். "பால்குடி."

"தொட்டில்ல கெடக்குற பிள்ளைக்கு கீவுலேர்ந்து மாப்பிள்ளைய அனுப்பியிருக்க. அதுவும் ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கம் எழுதி" என்றார் அண்ணன். முதலில் சிரித்தது வெல்டர்தான். பிறகு நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கண்ணில் நீர் வந்தது. செப்டம்பர் பட்டியல் போயிற்று என்பது அப்போதுதான் உள்ளே இறங்கியது.

அண்ணன் நகலை மடித்து என் கையில் கொடுத்தார். "ஒரு பொருள் அளவுல தப்பா வந்தா, டிராயிங் தப்புன்னு நான் எழுத முடியாதுடா. முதல்ல என் அளவுகோலச் சரிபாக்கணும். அன்னைக்கு ஒரு நாள் நான் ஷிப்ட மாத்திட்டு இருந்திருக்கணும்."

மறுபடி எழுத டிசம்பரில்தான் முடியும். அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை முறைபேசி மனப்பாடம் செய்யவில்லை, மெதுவாகப் படித்தேன். அப்போதுதான் பிரான்சுப் பகுதி எனக்கு விளங்கிற்று. பிரான்சு அரசனுக்கு மனைவி இறந்துபோனாள். மறுபடி கட்ட வேண்டும். ஆனால் சுற்றியிருந்த அரச வீடுகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் சொந்தம். சொந்தத்தில், எத்தனையோ தலைமுறை தள்ளியிருந்தாலும், கட்டக் கூடாது என்பது அவர்கள் திருச்சபையின் சட்டம். சொந்தமே இல்லாத ஓர் அரசகுமாரியைத் தேடித்தான் அவனுடைய ஆட்கள் மாதக்கணக்கில் நடந்து கீவ் வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

இதை நான் மே மாதமே மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை. சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பெண் தேடுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு, சொந்தமே இருக்கக் கூடாது என்று தேடுகிற நாடு எப்படிப் புரியும்? நாங்கள் மூன்று பேர் சேர்ந்து திருத்திய கல்யாணம் அவர்களிடத்தில் பாவம். அவர்கள் செய்த கல்யாணம் எங்களிடத்தில் பாவம். நாகர்கோவில்காரன் தலையைச் சொறிந்துகொண்டு அன்றைக்கே சொன்னான். நாங்கள்தான் கேட்கவில்லை.

அவனிடம் போய்ச் சொன்னேன். "நீ சொன்னதுதாண்டே சரி."

"எனக்க பேச்ச யாரு கேக்கா" என்றான். ஆனால் அன்று இரண்டு டீ அவன் கணக்கு.

பெரியவர் மேல் எனக்கு மரியாதை கூடிற்று. எட்டுத் திசையிலும் அவர் தேடியது அந்நியர்களை. மொழி தெரியாத வீடு, வேறு சாப்பாடு, வேறு குளிர். இன்னொரு மகனுக்குக் கான்ஸ்டான்டிநோபிள் ராஜ குடும்பத்துப் பெண். அப்பா கத்தியால் பெண் எடுத்தவர். மகன் தூது அனுப்பி எடுத்தார். ஒரே தலைமுறையில் ஒரு வீடு இவ்வளவு மாறலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் பிரான்சுக்குப் போன மகள். கணவன் இறந்தபின் சின்னப் பையனான மகனோடு இருந்து அரசு காரியம் பார்த்தவள். அந்தக் காலத்து ஆவணம் ஒன்று இன்னமும் இருக்கிறதாம். பெரிய மனிதர்கள் பலர் எழுதத் தெரியாமல் சிலுவைக்குறி போட்டிருக்கிறார்கள். நடுவில் இவள் தன் பெயரையும் ராணி என்பதையும் தன் ஊர் எழுத்தில் எழுதியிருக்கிறாள். கையெழுத்து. அவ்வளவு தூரம் போனவள் அப்பா வீட்டிலிருந்து கொண்டுபோனதில் அது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது.

எங்கள் வீட்டு ரேஷன் அட்டையில், வங்கித் தாளில், உப்பளத்துக் கூலிப் பதிவேட்டில் எல்லா இடத்திலும் கைநாட்டுத்தான். உப்பு அரித்த விரலில் ரேகை சரியாக விழாது. அம்மாவை இரண்டு மூன்று தடவை அழுத்தச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் விழுந்த முதல் கையெழுத்து என்னுடையது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில். அந்த ராணியின் கையெழுத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பது, பெற்ற அம்மாவின் விரலைத் தானே பிடித்து மையில் அழுத்திய பிள்ளைகளுக்குத்தான் புரியும்.

டிசம்பர்த் தேர்வு ஒரு வேலைநாளில் வந்தது. லீவு போட்டுப் போனேன். கேள்வி மகள்களின் திருமணங்களைப் பற்றி. எழுதினேன். கடைசியில் அந்த ராணியின் கையெழுத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன்; இந்த முறை எந்தப் பக்கத்தில் படித்தேன் என்பதையும் எழுதினேன். அறுபத்தொன்று வந்தது. அடுத்த வருஷத்துப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அந்தத் தேர்விலும் தேறினேன். ஆனால் அந்த ஒரு வருஷம் பலகை முன்னால்தான் நின்றேன்.

டிசம்பர்த் தேர்வின் முடிவு வந்த அன்று வெல்டர் ஒரு தாளை எடுத்து, "கணக்கச் சொல்லு" என்றான். எதற்கு என்றேன். "மொற பேசுனது நீ மட்டுமா?" என்றான். விடைத்தாள் நகலுக்கு ஐந்நூறு, விண்ணப்பப் படிவம் ஐம்பது, மறுதேர்வுக் கட்டணம் நானூற்று இருபத்தைந்து, பஸ்ஸுக்கு நூற்று எண்பத்தைந்து. இரண்டு நாள் கூலியை நான் சொல்லவில்லை. அவனே நானூற்று எண்பது என்று எழுதிக்கொண்டான். மூன்றால் வகுத்தான்.

"நாலால வகு" என்றார் அண்ணன்.

"நீங்க அன்னைக்கு இல்லையேண்ணே."

"அதான் சொல்றேன். இல்லாததுக்கு என் பங்கு."

பேச்சுச் சத்தம் கேட்டு ஓனர் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சின்னம்மா ஆவுதுன்னு முதல்ல சொன்னவனே நான்தானே. அஞ்சால போடு. என் பங்க வாடகைல கழிச்சிக்கினு குடு" என்றார். அந்த மாத வாடகையில் அவர் அப்படியே முந்நூற்று இருபத்தெட்டு ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார்.

ஆளுக்கு அவ்வளவுதான். போலந்து மாமாவின் தங்கையை அவருக்கே மகளாக்கியதற்கு எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஆன மொத்தச் செலவு, ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.